குலமுறை கிளத்தலும் பேத்தியர் எழுத்தும்: குடும்ப வரலாற்றில் சான்றும் மௌனமும்

முன்னோரின் பெயரையும் வாழ்வையும் தேடித் தொகுத்தல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிய செயலன்று. கம்பராமாயணப் பாலகாண்டத்தில் விசுவாமித்திர முனிவர் சனகனுக்கு இராமனின் முன்னோரை வரிசைப்படுத்திக் கூறும் பகுதி 'குலமுறை கிளத்து படலம்' என்றே வழங்கப்பெறுகின்றது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் 'இராச பாரம்பரியம்' தனியொரு பகுதியாக அமைந்துள்ளது. ஒட்டக்கூத்தரின் உலாக்கள் சோழர் முன்னோரைச் சொல்லிய பின்னரே பாட்டுடைத் தலைவனிடம் வருகின்றன. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கதிரவனிலிருந்து குலத்தைத் தொடங்குகின்றது. இவற்றிலெல்லாம் குலமுறை என்பது ஆட்சியுரிமைக்கான பத்திரமாகவே நிற்கின்றது. காலின் மெக்கன்சி (1754–1821) திரட்டிய சுவடிகளுள் இடம்பெறும் பாளையக்காரர் வம்சாவளிகளையும் இவ்வரிசையிலேயே வைத்து நோக்கவேண்டும். கும்பினி ஆட்சியின் முன் தம் பாளையத்தின் தொன்மையையும் உரிமையையும் நிறுவவேண்டிய தேவை அவற்றின் நடையிலேயே தெரிகின்றது. கொடிவழி என்பது யாரோ ஒருவர் முன் எதையோ வேண்டி வரையப்படுவது. ஆகவே அதில் விடுபடும் பெயர்கள் தற்செயலாக விடுபட்டவை அல்ல.

அவ்வாறு விடுபடுவோருள் பெண்களே மிகுதி என்பது பலரும் அறிந்ததே. ஆயின் அவர்கள் முற்றிலும் விடுபடுகின்றனர் என்று பொதுப்படக் கூறிவிடுவதும் பொருந்தாது. எந்த முறையில் வைக்கப்படுகின்றனர், எந்த இடத்தில் வழி அறுகின்றது என்பதே ஆராயத்தக்கது. கலிங்கத்துப்பரணியின் தலைவனாகிய முதற் குலோத்துங்கன் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். 1070இல் சோழ அரியணை ஏறிய அவனுக்குச் சோழ உரிமை வந்தது முதலாம் இராசேந்திரனின் மகளாகிய அம்மங்கை தேவியின் வழியாக. இதனைச் செயங்கொண்டார் மறைக்கவில்லை. 'அவதாரம்' பகுதியில் கதிரவன் குலமும் திங்கள் குலமும் அவனிடத்தே கூடின என்கின்றார். கங்கைகொண்ட சோழனின் தேவி, தன் மகள் வயிற்றுப் பிள்ளையைக் கண்டு சோழர் குலத்துக்குரியவனாக மதிக்கும் காட்சியையும் அமைத்துள்ளார். தமிழின் புகழ்பெற்ற குலமுறைப் பாடல் ஒன்று தாய்ப்பாட்டி ஒருத்தியின் ஏற்பினைச் சான்றாகக் கொள்கின்றது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. எனினும் அவ்வேற்பு நிகழ்ந்தவுடன் அவள் பணி முடிந்துவிடுகின்றது. பெண் வழி என்பது ஆண் வழி முறிந்த இடத்தில் போடப்படும் ஒட்டாகவே பயன்படுகின்றது.

சடங்குமுறையிலும் இதனையொத்த அமைப்பே உள்ளது. அந்தணர் இல்லங்களில் அமாவாசைத் தருப்பணத்தில் தந்தை வழியில் ஆண்கள் மூவரும் அவர்தம் மனைவியர் மூவரும், தாயின் தந்தை வழியில் ஆண்கள் மூவரும் அவர்தம் மனைவியர் மூவரும் பெயர் சொல்லப்பெறுகின்றனர். பன்னிரு பெயர்களுள் ஆறு பெண்களுடையவை, எண்ணிக்கையில் குறைவில்லை. தாயின் தாய்க்கும் அங்கே இடமுண்டு, தாயின் தந்தைக்கு மனைவி என்ற முறையில். ஆனால் தாயின் தாயைப் பெற்ற தாய்க்கு அந்தப் பன்னிரண்டில் இடமில்லை. பெண்ணிலிருந்து பெண்ணுக்கு என மூன்று படிகள் ஏறியவுடன் பெயர் இல்லாமற் போகின்றது. எனவே வீட்டிலுள்ள முதியோரின் நினைவு மறைந்தபின் அவளைக் கேட்டறிய வழியில்லை. கயையிலும் அரித்துவாரத்திலும் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் வழிப்பெயர் ஏடுகளும் ஊரையும் குலத்தையும் அடிப்படையாகக் கொண்டு ஆண் வழியையே பற்றிச் செல்கின்றன.

இப்பின்னணியில் இரண்டு நூல்கள் தனிக் கவனத்திற்குரியவை. ஒன்று, மைதிலி சிவராமன் எழுதி 2006இல் புதுதில்லி சுபான் வெளியீடாக வந்த 'ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்: எ ஃபேமிலி ஆர்க்கைவ்'. அது அவருடைய தாயின் தாயாகிய சுப்புலட்சுமியின் வாழ்வைத் தேடுவது. மற்றொன்று, மைதிலியின் மகள் கல்பனா கருணாகரன் 2025இல் வெளியிட்ட 'எ உமன் ஆஃப் நோ கான்சிக்வன்ஸ்'. அது சுப்புலட்சுமியின் மகளும் கல்பனாவின் தாய்ப்பாட்டியுமாகிய பங்கஜத்தின் வாழ்வைப் பேசுவது. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை. எனினும் தமிழ்க் குடும்பமொன்றின் பெண் வழியை நான்கு தலைமுறைக்கு இடையறாது தொடர்கின்றன. கல்பனாவின் இடத்திலிருந்து நோக்கின் சுப்புலட்சுமி, தாயின் தாயைப் பெற்ற தாய். மேற்கூறிய பன்னிரு பெயர்களில் இடம்பெறாத அதே உறவு.

சுப்புலட்சுமி 1897இல் பிறந்தவர். பதினோராம் வயதில் மணம் முடிந்து, பதினான்காம் வயதில் பங்கஜத்துக்குத் தாயானவர். கணவர் ஆங்கில அரசின் உப்புத் துறை அலுவலர். ஆதலின் அளங்கள் சூழ்ந்த ஒதுக்குப்புறக் கடற்கரை ஊர்களில் வாழ்வு கழிந்தது. மகளின் கல்வியை முன்னிட்டுச் சென்னைக்கு வந்தார். நூல்களைத் தேடிப் படித்தார். தேசிய இயக்கத்தின்பால் ஈர்க்கப்பெற்றார். பின்னர் உடல்நலக் குறைவும் குடும்பச் சூழலும் அவரை ஒடுக்கின. பேத்தி அறிந்ததெல்லாம் பேச்சடங்கிய ஒரு பாட்டியையே. 1978இல் அவர் மறைந்தபின் எஞ்சியவை நாட்குறிப்புத் துணுக்குகள், கடிதங்கள், படித்தவற்றிலிருந்து எடுத்தெழுதிய குறிப்புகள் முதலியன. வரலாற்றறிஞர் உமா சக்கரவர்த்தி 'எ கொயட் லிட்டில் என்ட்ரி' (2010) என்னும் ஆவணப்படத்திற்கும் இப்பெண்ணின் வாழ்வையே பொருளாகக் கொண்டார்.

இந்நூலின் சிறப்பு அது கண்டெடுத்த செய்திகளில் மட்டும் இல்லை. 'துணுக்குகள்' என்ற தலைப்பிற்கு உண்மையாக நடந்துகொள்வதே அதன் பெருஞ்சிறப்பு எனலாம். குடும்ப வரலாறு எழுதுவோர்க்கு நேரும் பெரிய இடர், இடைவெளியைக் கண்டால் அதனை நிரப்பிவிடத் தூண்டும் அன்பு. தம் பாட்டி வீரப்பெண்ணாக இருந்திருக்க வேண்டும், அன்றேல் பலியாக இருந்திருக்க வேண்டும் என்னும் விழைவு சான்றை முந்திக்கொள்ளும். மைதிலி சிவராமன் பெண்கள் இயக்கத்திலும் தொழிலாளர் இயக்கத்திலும் தோய்ந்தவர். அத்தகைய விழைவு அவருக்கு எளிதில் வந்திருக்கக்கூடும். ஆயினும் பாட்டியின் மௌனத்திற்கு ஒற்றைக் காரணத்தைத் தீர்ப்பாக எழுதிவிட அவர் முற்படவில்லை. சுப்புலட்சுமியின் சொற்கள் சுருங்கும் இடங்களில் காலப் பின்னணி விரிந்து அவ்விடத்தை எடுத்துக்கொள்கின்றது என்ற குறை ஒன்றைச் சொல்லலாம். பெண் கல்வி, தேசிய இயக்கம் ஆகியன பற்றிய பொதுச் செய்திகள் நெருங்கும்போது உப்பளத்து வீட்டில் இருந்தவள் சற்றே மறைந்துபோகின்றாள். வரலாற்றுப் பயிற்சியுடைய எழுத்தாளர் எவர்க்கும் இது தவிர்த்தற்கரியது போலும்.

பெரிதும் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. 2006ஆம் ஆண்டு நூலில் சுப்புலட்சுமிக்கும் பேத்திக்கும் இடையே நிற்பவர் பங்கஜம். தாளில் இல்லாதவற்றிற்கு அவர் நினைவே சான்று. மகள் என்ற நிலையில் தாயைப் பற்றிச் சொல்பவர், தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியவற்றை ஒதுக்கிவைத்தே சொல்கின்றார். 2007இல் அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அவர் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு கல்பனா அவரையே நூற்பொருளாக்குகின்றார். முன்னதில் சான்றாளராக இருந்தவர் பின்னதில் தலைவியாகின்றார். ஆகவே இரண்டாம் நூலைப் படித்தபின் முதல் நூலை மீளப் படித்தல் வேண்டும். தாயின் துயரை எடுத்துரைத்த மகளின் குரலில் அவளுடைய சொந்த வாழ்வின் சுமை எவ்வளவு கலந்திருந்தது என்னும் வினா அப்போதுதான் எழுகின்றது. வாய்மொழிச் சான்றினைக் கையாளும் ஆய்வாளர் அனைவர்க்கும் இவ்விரு நூல்களின் இணைப்பு ஒரு பயிற்சிக் களமாகும்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்து, 1950இல் நூலுருப் பெற்ற அவ்வரலாறு உத்தமதானபுரத்தின் கதையோடு தொடங்கி முன்னோரைப் பற்றிக் கூறி, அதன்பின்னரே ஆசிரியரிடம் வருகின்றது. தாய் வழிப் பாட்டனார் கிருஷ்ண சாஸ்திரிகளைப் பற்றி அவர் கனிவோடு எழுதுகின்றார். ஆயினும் அங்கு முன்னோர் யாவரும் ஆசிரியர் என்னும் ஆற்றில் வந்து கலக்கும் ஓடைகளே. பேத்தியர் எழுத்தில் இத்திசை மாறுகின்றது. எழுதுபவர் பின்னே நிற்க, எழுதப்படுபவரை நோக்கி நூல் பின்னோக்கிச் செல்கின்றது. தன்வரலாற்றின் முன்னுரையாக இருந்த குடும்ப வரலாறு தனி இலக்கிய வகையாகும் இடம் இதுவே.

இனி இவ்விரு நூல்களையும் தமிழ்ப் பெண்களின் குடும்ப வரலாறு என்று பொதுமைப்படுத்த இயலுமா என்பதை நோக்கவேண்டும். இயலாது என்பதே விடை. எழுதத் தெரிந்த பெண், தாள் வாங்கப் பணம், அத்தாளைக் காப்பதற்குரிய வீடு, அதனைப் படித்துணரும் பேத்தி என்னும் நான்கும் ஒருங்கு கூடினாலன்றி இத்தகைய நூல் பிறக்காது. மைதிலி சிவராமனே இதனை நன்கு அறிந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பற்றி விரிவாக எழுதியவர் அவர். அக்குடிசைகளில் நாட்குறிப்புகள் இருந்திருக்க வழியில்லை. நிலப் பதிவேடுகளோ நிலம் உடையாரின் தலைமுறைகளைத்தான் காட்டும். அந்நிலத்தில் உழைத்தவரின் தலைமுறைகளைக் காட்டா.

தாளில்லாத குடும்பத்தின் வரலாறு எங்கே இருக்கின்றது? பாமாவின் 'சங்கதி' (1994) இதற்கு ஒரு விடை தருகின்றது. அதில் வரும் வெள்ளையம்மா பாட்டி பிள்ளைப்பேறு பார்ப்பவர். ஊரில் யார் யாருக்குப் பிறந்தனர், எந்தப் பெண் எப்படி இறந்தாள் என்பன அவர் வாயில் உள்ளன. அவருடைய கணவர் கங்காணியோடு இலங்கைத் தோட்டத்துக்குச் சென்று திரும்பாதவர். அக்குடும்பத்தின் கொடிவழியில் ஆண் வழியே கடலில் அறுந்துபோகின்றது. பெண் வழியே எஞ்சுகின்றது. புதினம் என்ற வகைப்பாட்டில் வைத்துப் பேசப்பட்டதனால் 'சங்கதி' குடும்ப வரலாறாக இன்னும் போதிய அளவு வாசிக்கப்பெறவில்லை. ஒருவர் வாழ்வைத் தொடர்ந்து சொல்லாமல் பலர் செய்திகளை அடுக்கிச் செல்லும் அதன் அமைப்பைக் குறையாகக் காண்பதும் பொருந்தாது. வாய்மொழிக் குடும்ப வரலாறு இயங்கும் முறையே அதுதான்.

கடல் கடந்தோர் பற்றிய மற்றொரு வகைச் சான்றினை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தோர் 1,52,184 பேர். அவர்களுள் மிகுதியானோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவற்றை ஏட்டில் பதிந்தனர். பெண்களும் தனி எண் பெற்றனர். தென்னாப்பிரிக்கத் தமிழரின் வழித்தோன்றல்கள் தம் பூட்டியின் ஊரை இவ்வேடுகளைக் கொண்டே தேடுகின்றனர். ஊரில் இருந்திருந்தால் எந்த ஏட்டிலும் ஏறியிராத ஒரு பெண்ணின் பெயரும் அவள் தந்தையின் பெயரும் அவள் முழங்கைத் தழும்பும் பதிவானது, அவளைக் கூலியாக விலை பேசியதனால். ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதிய அப்பெயர்களை மீளத் தமிழாக்குவதே தனியொரு பாட ஆய்வு. சுவடிப் பதிப்பில் பயின்ற தமிழாய்வாளரின் திறன் இங்கே நேரடியாகப் பயன்படும். ஒலி மயக்கம், எழுத்து மயக்கம், ஊர்ப்பெயர்த் திரிபு என அவர்கள் பழகிய சிக்கல்களே இவை.

ஆயினும் அவ்வேடு தருவது உடல் அடையாளத்தை, குரலை அன்று. சுப்புலட்சுமியின் துணுக்குகளில் குரல் உண்டு; வெள்ளையம்மாவின் பேச்சில் குரலும் ஊரும் உண்டு, ஆண்டுக்கணக்கு இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்றைக் கொண்டு நிரப்ப முடியாது; ஏனெனில் மூன்றும் ஒரே பெண்ணைப் பற்றியவை அல்ல, ஒரே சாதியைப் பற்றியவையும் அல்ல. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்த மரபினை உடையன தமிழ்த்துறைகள். பெண்கள் பயன்படுத்திய கணக்குக் குறிப்பேடுகள், பாட்டெழுதிய நோட்டுகள், அயலூருக்கு மணமாகிச் சென்ற மகளுக்குத் தாய் எழுதிய அஞ்சலட்டைகள் ஆகியன சுவடி என்னும் எல்லைக்குள் இன்னும் முறையாக வரவில்லை. வீடு மாறும்போதும் பாகப்பிரிவினையின்போதும் பத்திரமும் பட்டாவும் பெட்டியில் ஏற, இவை பழைய தாள் எடைக்குப் போகின்றன.