நினைவு இதழ்களும் பிற்காலச் சொற்களும்: ‘டாக்டர் ஹூ’ தொடரை முன்வைத்து

பி.பி.சி. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய பழைய இதழ்களைத் திரட்டுவோர் பலர். அத்திரட்டல் இளமை நினைவின்பாற்பட்ட ஆர்வமாகவே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. அவ்விதழ்களை மொழிச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளின் எவ்வாறு என்பதே இங்கு எழும் வினா.

1960களில் ஒளிபரப்பான பகுதிகளின் நாடாக்கள் மீண்டும் பயன்படுத்துவதற்காக அழிக்கப்பட்டன. படச்சுருள்கள் பலவும் கழிக்கப்பட்டன. ஆகவே தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகள் படமாகக் கிட்டவில்லை. ரசிகர்கள் வீட்டில் பதிந்த ஒலியே எஞ்சியுள்ளது. 1979 அக்டோபரில் வார இதழாகத் தோன்றி 1980இல் திங்களிதழான ‘டாக்டர் ஹூ’ இதழ், தொடர் நின்றிருந்த 1989க்கும் 2005க்கும் இடையிலும் தொடர்ந்து வெளிவந்தது. கதைச் சுருக்கங்களையும் தயாரிப்பு வரலாற்றையும், ஜான் கியூரா தொலைக்காட்சித் திரையிலிருந்து எடுத்த நிழற்படங்களையும் அது அச்சிட்டது. மூலத்தைக் காண இயலாதவர்க்கு இதழே மூலமாயிற்று. முத்தொள்ளாயிரத்தைப் புறத்திரட்டின் வழியே பெற்ற நமக்கு இந்நிலை புதிதன்று. ஆயின், புறத்திரட்டு பாட்டையே தந்தது. இதழோ பெரும்பாலும் கதையைத் தன் சொல்லால் தந்தது. சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது.

1966இல் வில்லியம் ஹார்ட்னெல் விலக, பேட்ரிக் டிரவுட்டன் தலைமை வேடமேற்றார். ஒருவரே வேறு உருவம் கொள்ளும் இந்நிகழ்வு அன்றைய உரையாடலில் ‘புதுப்பித்தல்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கப்பட்டது. 1969இல் அது தோற்ற மாற்றமாகவே பேசப்பட்டது. ‘ரீஜெனரேஷன்’ என்னும் சொல் 1974இல்தான் திரையில் இப்பொருளில் ஒலித்தது. பின்வந்த இதழ்களோ மூன்று நிகழ்வுகளையும் அவ்வொரு சொல்லாலேயே சுட்டுகின்றன. படிப்படியாக உருவான ஒரு கருத்து, தொடக்கத்திலேயே முழுமையாக இருந்ததுபோல் தோன்றுகிறது. இதழை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் 1966க்கும் ‘மறுபிறப்பு’ என எழுதிவிடக்கூடும். அச்சொல் இறப்பையும் வினைப்பயனையும் உடன் அழைத்து வரும். மூலத்தில் அவை இல்லை.

தலைப்புகளின் நிலையும் இத்தகையதே. 1966 வரை ஒவ்வொரு வாரப் பகுதிக்கும் தனித்தலைப்பே திரையில் தோன்றியது. முழுக் கதைக்குப் பொதுத்தலைப்புக் காட்டப்படவில்லை. 1973இல் ‘ரேடியோ டைம்ஸ்’ வெளியிட்ட பத்தாம் ஆண்டுச் சிறப்பிதழ் முதற்பகுதியின் தலைப்பையே கதைக்குப் பெயராக்கியது. தயாரிப்பு ஆவணங்களில் வேறு பெயர்கள் உள்ளன. எனவே முதற்கதைக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்குகின்றன. அவற்றுள் எது சரி என்பதினும், எப்பெயர் எவ்வாண்டில் யாரால் வழங்கப்பட்டது என்பதே ஆய்வுக்குரிய வினா.

இவ்விதழ்கள் நம்பத்தகாதவை என்பது இதனால் பெறப்படும் முடிபன்று. இவை 1966இன் மொழிக்கு இரண்டாம் நிலைச் சான்றுகள். தாம் அச்சான ஆண்டின் மொழிக்கோ முதல்நிலைச் சான்றுகள். இவ்விரண்டையும் மயக்குவதே பிழை. சிறந்த இதழ்களை மட்டும் பொறுக்கி வைத்த திரட்டில் இவ்வேறுபாடு புலப்படாது. ஆண்டு வரிசை குலையாமல், பிழையுள்ள இதழையும் அதைத் திருத்திய இதழையும் ஒருங்கே காக்கும் திரட்டே ஒரு சொல் எப்பொழுது புகுந்தது என்பதைக் காட்டும். நினைவின்பத்திற்காகத் திரட்டியவர் தம்மையறியாமலே ஒரு சொல் வரலாற்று ஆவணத்தைக் காத்து வருகிறார். அதைக் கலைத்துப் பிரித்து விற்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.