நள்ளிரவின் மின்னிசை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிகளின் ஓசை அடங்கி, ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரமும் இருளில் கலந்துவிட்ட பிறகு, தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் மின்னிசையைக் கேட்போமானால், பகலெல்லாம் பேச்சிலும் வியாபாரத்திலும் சிதறிக் கிடந்த மனம் ஆழ்ந்ததோர் உணர்ச்சிக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறது என்பது ஸ்பஷ்டமாக விளங்கும். இயந்திரத்தில் பிறந்த நாதத்துக்கு ஹிருதயம் ஏது என்பாருண்டு. 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியின் துணைகொண்டு அமைத்த இசையையும், 1992-இல் ‘ரோஜா’வில் ஏ.ஆர். ரஹ்மான் கையாண்ட மின்னொலிகளையும் கேட்டவர்கள் அவ்வாறு சொல்லத் துணியார்.

அதிர்வெண்ணில் இம்மியளவே வேறுபட்ட இரு ஸ்வரங்களை சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் சேர்த்து ஒலிக்கச் செய்தால், அவை மாறி மாறி வலுத்தும் தேய்ந்தும் மெல்ல விம்முகின்றன. அவற்றின் கூர்மையை வடிகட்டிக் குறைத்துவிட்டாலோ, ஒலி வெகுதூரத்திலிருந்து வருவதுபோல் கனிந்துவிடுகிறது. கோர்வைப் பட்டில் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படும் கரையும் உடலும் இழைக்கு இழை பிணைவதுபோல், அந்த விம்மலும் மனிதக் குரலும் பிணையும் இடத்திலேதான் துக்கமும் சாந்தியும் ஒருங்கே பிறக்கின்றன.

கருவி எதுவாயினும், கேட்பவருடைய தனிமையை மதிக்கும் இசையே உத்தமமான இசை. அதை வேறு காரியங்களுக்கு நடுவே கேட்காமல், ஓர் இரவையேனும் அதற்கென்றே ஒதுக்கிக் கேளுங்கள்.