எந்த மரண வாக்குமூலத்தை நம்புவது?

உயிர் பிரியுமுன் ஒருவர் மருத்துவரிடம் ஒன்றும் போலீசாரிடம் வேறொன்றும் சொல்லிவிட்டுப் போனால், அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி ‘எது உண்மை?’ என்று குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் உள்ள உயர் நீதிமன்றங்களில் கொலை வழக்கு நடத்துபவர், முரண்பட்ட மரண வாக்குமூலத்தைச் சந்திக்கும்போது லண்டன், கொழும்பு, டில்லித் தீர்ப்புகளையும் புரட்ட வேண்டியிருக்கும்.

பழைய ஆங்கிலேய மரபு மிகக் கண்டிப்பானது. 1789இல் உட்காக் வழக்கில் நீதிபதி அயர் வகுத்த நெறிப்படி, பிழைக்கும் நம்பிக்கையை முற்றிலும் கைவிட்டவர் சொன்னதுதான் சாட்சியமாகும். சாகப்போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்ற சமய நம்பிக்கையே அதன் அடிப்படை. 1869இல் ஜென்கின்ஸ் வழக்கில் ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை எழுதிய எழுத்தர், பிழைக்கும் நம்பிக்கை இல்லை என்று குறித்து அதை வாசித்துக் காட்டினார். ‘இப்போதைக்கு’ என்று சேர்க்கச் சொன்னாள் அவள். அந்தத் திருத்தத்தில் நம்பிக்கையின் இழை தெரிகிறது என்று வாக்குமூலம் முழுவதையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இந்திய மரபு இந்தக் கதவை அகலத் திறந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், மரண பயம் இருந்ததா என்ற கேள்வியையே நீக்கினார். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 32(1)(ஏ) அதே வழிவந்தது. சொன்னது மரணத்தின் காரணத்தையோ மரணத்தில் முடிந்த நிகழ்வின் சூழ்நிலையையோ பற்றியதாக இருந்தால் போதும்.

இலங்கையிலிருந்து, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன சந்திரசேகரா வழக்கு இந்த மரபு எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் காட்டியது. கழுத்து அறுபட்ட பெண்ணால் பேச முடியவில்லை. கேள்விகளுக்குச் சைகையாலும் தலையசைப்பாலும் பதில் சொன்னாள். அதுவும் வாக்குமூலமே என்றது தீர்ப்பு. நியாயமான தீர்ப்புதான். ஆனால் தலையசைப்பை வாங்கும்போது கேள்வி கேட்பவரின் கையில் எவ்வளவு அதிகாரம் சேர்ந்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்படி உள்ளே வந்த சாட்சியத்துக்கு எவ்வளவு எடை? நாக்பூரில் 1956இல் நடந்த கொலையில், தாக்கப்பட்டவர் மருத்துவரிடமும் காவல் அதிகாரியிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் ஒரே இரவில் பேசினார். மூன்றிலும் பெயர்கள் ஒத்துப்போயின. அந்தக் குஷால் ராவ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நம்பத்தக்க மரண வாக்குமூலம் ஒன்றை மட்டுமே வைத்தும் தண்டிக்கலாம் என்றது. பேசும் மனநிலையில் இருந்தார் என்ற மருத்துவர் சான்றிதழ் கட்டாயமா என்ற சர்ச்சையை 2002இல் லக்‌ஷ்மண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்த்தனர்: கட்டாயமில்லை.

பேச்சு மாறும்போதுதான் உண்மையான சோதனை. இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பஞ்சாப் வழக்கு ஒன்றில், தீக்காயத்தில் இறந்த மருமகளின் வாக்குமூலங்கள் நான்கு. ஒன்றில் அடுப்பு விபத்து, மற்றொன்றில் மாமியார் என்று அவை முரண்பட்டன. மாமியார் விடுதலையானார். 2007இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றிலும் முதல் வாக்குமூலம் விளக்கு விபத்து என்றது. பிந்தையது மாமியாரைச் சுட்டியது. அங்கே முன்பு ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு அவளிடமிருந்தே விளக்கம் கிடைத்திருந்தது. தண்டனை நிலைத்தது. எத்தனை வாக்குமூலம் என்பதல்ல, எது நம்பத்தக்கது என்பதே கேள்வி என்று 2008இல் அமோல் சிங் வழக்கு சொன்னது இந்த அனுபவத்தின் சாரம்.

மாஜிஸ்திரேட் எழுதியதே மேலானது என்று வாதாடுவோர் உண்டு. 2010இல் லக்கன் வழக்கு போன்ற தீர்ப்புகள் அதற்குக் கைகொடுக்கும். ஆனால் எழுதியவரின் பதவியை மட்டும் பார்ப்பது ஆபத்தானது. கட்டிலருகே புகுந்த வீட்டாரா, பிறந்த வீட்டாரா, யார் இருந்தார்கள்? வலி மருந்து ஏற்றிய பிறகா, முன்பா? பதிலைத் தூண்டும் கேள்வியா? இவற்றுக்கு விடை இல்லாத இடத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போக வேண்டும்.

இத்தகைய முரணை வெளிக்கொணர மலேசியச் சட்டத்திலேயே இரண்டு கருவிகள் உள்ளன. இறந்தவரின் கூற்றை, அவர் நேரில் வந்து சாட்சி சொன்னதுபோலவே பாவித்து, அதற்கு முரணானதை நிரூபிக்கச் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 158 இடம் தருகிறது. எதிர்த்தரப்புக்குச் சாதகமான விவரங்களை அரசுத் தரப்பு விசாரணை தொடங்குமுன்பே எழுத்தில் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 51ஏ. ‘விபத்து’ என்று சொன்ன முதல் வாக்குமூலம் இதில் அடங்காமல் வேறு எதில் அடங்கும்? அதைக் கேட்டு வாங்காத வழக்கறிஞர், மேல்முறையீட்டில் வெறுங்கையோடு நிற்பார்.

கொலைக்குக் கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4இல் நீங்கியது. தூக்கு விதிக்காவிட்டால் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் என்பதே இன்றைய நிலை. ஜொகூரிலிருந்து மேல்முறையீடு புத்ராஜெயாவுக்குப் போகும்போது, கட்டிலருகே நடந்ததற்கு அங்குள்ள நீதிபதிகளுக்குப் பதிவேடுதான் கண். எனவே கேள்வியும் பதிலும் தனித்தனியாக, பேசியவர் தமிழில் பேசியிருந்தால் தமிழிலேயே, நேரத்தோடும் உடனிருந்தோர் பெயரோடும் எழுதப்பட வேண்டும். பேச்சு மாறினால் ஏன் மாறியது என்று அப்போதே கேட்டு, அந்தப் பதிலையும் பதிய வேண்டும்.