திறந்த நிரலும் கிதாபின் ஓரமும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், தஞ்சைக் கழனிச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் கணினியை அளித்தது. மறுக்கவொண்ணா நன்மை அது. அவற்றுள் பலவற்றில், விண்டோசுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம்.

மத்ரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளும் அத்தகையனவே. நடுவே மூலம், சூழ ஷரஹு, ஓரத்தில் ஹாஷியா. அதற்கும் அப்பால் ஓதிய மாணவனின் பொடி எழுத்து. ஆயினும், ஓரத்தில் எழுதும் துணிவை எங்களுக்கு உஸ்தாதல்லவா ஊட்டினார்! நானறிந்த மாணாக்கர் சிலரோ பாஸ் என்ற பெயரையே அறியார்; விண்டோசில் திரைப்படம் கண்டனர். அவர்களைக் குறைகூறேன். மேல்நிலை வகுப்பில் ஒரு மாதமேனும் அந்நிரலைத் திறந்து, ஒரு வரியைத் திருத்திப் பார்க்கப் பயிற்றியிருக்கலாம்.