காமிராவின் முத்திரையும் பார்வையும்

ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ குரோம் பதனிட்ட தோலைப் பார்த்தறிந்து வாங்குபவர் கட்டின்மேல் உள்ள முத்திரையை நம்பி விலை பேசுவதில்லை. ஓரத்தில் சிறு துண்டு வெட்டிக் கொதிநீரில் போடுவார். துண்டு சுருங்கினால் பதம் போதவில்லை என்று பொருள். அரசு அலுவலகங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு கூடிய கண்காணிப்புக் காமிராக்களை வாங்கும்போது இத்தகைய கொதிநீர்ச் சோதனை ஏதேனும் நடைபெறுகிறதா?

விதி இல்லாமலில்லை. 2024 ஏப்ரலில் மைய அரசின் மின்னணுவியல் அமைச்சகம் கண்காணிப்புக் காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சான்றைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வெளியார் உள்ளே நுழைய வழி உண்டா, படம் மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறதா, உறையைத் திறந்து கெடுக்க முடியுமா என்பனவற்றை ஆய்வகம் சோதிக்கிறது. வரவேற்க வேண்டிய விதிதான். ஆயின் காமிராவின் பூட்டைச் சோதித்த இவ்விதி அதன் கண்ணைச் சோதிக்கவில்லை.

நான் இயற்பியல் ஆசிரியன். கணக்கில் இறங்காமல் இருக்க இயலாது. முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளங்காண மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் தேவை என்பது பன்னாட்டு மின்னியல் ஆணையம் 2014-இல் வகுத்த அளவு. அகலவாட்டில் 1,920 புள்ளிகள் கொண்ட காமிரா அவ்வளவு தெளிவாகக் காட்டக்கூடியது ஏறத்தாழ 7.7 மீட்டர் அகலத்தைத்தான். அதையே 30 மீட்டர் முற்றத்தை நோக்கித் திருப்பினால் மீட்டருக்கு 64 புள்ளிகளே கிடைக்கும். ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. லென்சு தவறவிட்டதைக் கணிப்பொறி எங்கிருந்து கொண்டுவரும்?

சேமிப்பையும் பாருங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் படமும் பதியும் காமிராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும், அதற்கு வசதி கிட்டாவிடில் ஓராண்டேனும் காக்க வேண்டும் என 2020 டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதியும் ஒரு காமிரா நாளொன்றுக்கு 43.2 கிகாபைட் நிரப்பும். பதினெட்டு மாதத்திற்கு 23 டெராபைட்டுக்கு மேல்! காமிராக்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதி இந்த எண்ணை எழுதாத ஒப்பந்தப்புள்ளி பாதி ஒப்பந்தப்புள்ளியே.

இனி முகமறிதல். "99.9 விழுக்காடு துல்லியம்" என்று விற்பனையாளர் சொல்வதாகக் கொள்வோம். அதாவது ஆயிரம் பேரில் ஒருவரைத் தவறாகச் சுட்டும். நாளொன்றுக்கு 5,000 பேர் வந்துபோகும் அலுவலகத்தில் 22 வேலை நாட்களில் 110 நிரபராதிகள் சுட்டப்படுவர். தேடப்படுபவர் அம்மாதத்தில் ஒருமுறை வந்து பிடிபட்டாலும், 111 எச்சரிக்கைகளில் ஒன்றே மெய். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வேலூர் ஆட்சியர் அலுவலகத்திற்கு மனுவோடு வரும் காலணி ஆலைத் தொழிலாளி ஒருவர் அந்த 110-இல் அடங்கினால், ஓர் அரைநாள் கூலியாவது போகும்.

தவறு எல்லார் மீதும் சமமாக விழுவதுமில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிக மென்பொருள்களை 2018-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை சென்றது. நம் ஊர் முகங்களைக் கொண்டு சோதிக்காமல் வாங்குவது எவ்வகையில் சரி?

தமிழ்நாட்டுக் காவல்துறை 2021-இல் முகமறியும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் இணையவாயிலில் வெளியார் நுழைந்தது தெரியவந்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல் களவு போனதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. காமிராவின் முத்திரை இதைத் தடுக்காது. 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க மைய அரசுக்கு இடம் தருகிறது. ஆகவே "விதிக்கு உட்பட்டது" என்ற ஒரு வரியைக் கண்டு நாம் ஓய்ந்துவிட வேண்டியதில்லை.

பணம் கொடுக்குமுன் காமிராவை அதே வாயிலில் நிறுத்தி, நண்பகல் வெயிலிலும் இரவிலும், இசைவு தந்த உள்ளூர் மக்கள் சில நூறு பேரைக் கொண்டு சோதிக்கட்டும். எத்தனை பேரைத் தவறாகச் சுட்டியது என்ற எண்ணை அலுவலகப் பலகையில் எழுதி வைக்கட்டும். இவ்விரண்டும் ஒப்பந்தப்புள்ளியில் உண்டா என்று தகவலறியும் உரிமைச் சட்டப்படி நீங்களே கேட்கலாம்; கட்டணம் 10 ரூபாய்.