எக்ஸ்ஸ்டார்ட்டில் நிற்கும் ரௌட்டர்

இரண்டு ரௌட்டர்களுக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் என்ற ரௌட்டிங் புரோட்டோகாலின் உறவு ஏற்படாவிட்டால், கைதேர்ந்த நெட்வொர்க் என்ஜினியர் கான்ஃபிகரேஷனில் உடனே கை வைக்க மாட்டார். அண்டை ரௌட்டர்களின் பட்டியலை வரவழைத்து, அதில் நிலையைக் காட்டும் ஒற்றைச் சொல்லைப் படிப்பார். ஜான் மாய் எழுதி 1998-ல் வெளியான ஆர்எஃப்சி 2328, உறவு வளரும் படிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருக்கிறது: டவுன், இனிட், டூ-வே, எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச், லோடிங், ஃபுல். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இனிட் என்றால், அங்கிருந்து வரும் ஹலோ பாக்கெட் இங்கே கேட்கிறது. இங்கிருந்து போவது அங்கே எடுபடவில்லை. ஹலோ போகும் 224.0.0.5 முகவரியை ஏதாவது ஆக்சஸ் லிஸ்ட் மறிக்கிறதா என்று பார்க்கலாம். டூ-வே ஆளை ஏமாற்றும். ஈதர்நெட்டில் டிஆர் (பொறுப்பு ரௌட்டர்), பிடிஆர் (அதன் மாற்று) அல்லாத இரு ரௌட்டர்கள் அந்த நிலையிலேயே இருப்பதுதான் முறை; அது கோளாறே இல்லை.

ரசித்துப் பார்க்க வேண்டியது எக்ஸ்ஸ்டார்ட். ஹலோ பாக்கெட் சின்னது, தடையில்லாமல் போய்விடும். சிஸ்கோ ரௌட்டரில் வழக்கமான பிங்கும் 100 பைட்தான், அதுவும் போகும். ஆனால் அடுத்து வரும் டேட்டாபேஸ் டிஸ்க்ரிப்ஷன் பாக்கெட், தன் இன்டர்ஃபேஸின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, எவ்வளவு என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அனுப்பியவர் 9000 என்கிறார், வாங்குபவரிடம் 1500தான் இருக்கிறது. அவர் அதை ஏற்க மறுக்கிறார். எம்டியுவைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி அடித்தால் உறவு ஃபுல் ஆகிவிடும்தான். ஆனால் அது பூசி மெழுகும் வேலை: பின்னால் பெரிய அப்டேட் பாக்கெட் வரும்போது அதே பள்ளத்தில் விழும். இரு பக்கமும் ஒரே எண்ணை வைப்பதுதான் வைத்தியம்.

பிஜிபி என்ற இன்னொரு ரௌட்டிங் புரோட்டோகாலில் இதே நோய் வேறு முகத்தோடு வரும். டிசிபி 179-ல் செஷன் எஸ்டாப்ளிஷ்ட் ஆகிறது, எல்லாரும் நிம்மதியாகிறார்கள். சிஸ்கோவின் வழக்கமான அமைப்பில், 180 விநாடி கழித்து ஹோல்ட் டைமர் தீர்ந்து அறுந்து விழுகிறது; மறுபடி எழுகிறது, மறுபடி விழுகிறது. ஓப்பன் செய்தி சின்னது, தப்பிவிட்டது. ரூட்டுகளைச் சுமந்த பெரிய அப்டேட்டோ நடுவழியில் எங்கோ தொலைகிறது. தொலைந்ததை டிசிபி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்க, கீப்அலைவ்கள் அதன் பின்னால் வரிசையில் தேங்கிவிடுகின்றன. லாகில் அந்த மூன்று நிமிடத் தாளத்தைப் பார்த்த மாத்திரத்தில், தேர்ந்தவர் 1500 பைட்டில், துண்டாக்கக் கூடாது என்ற டிஎஃப் பிட்டோடு ஒரு பிங் அடிப்பார்.