பாட்டு வராத இடம்

1954-இல் ஒரு வீணை வித்வான் பாட்டே இல்லாத தமிழ்ப்படம் எடுத்தார். படம் 'அந்த நாள்'. எடுத்தவர் எஸ். பாலசந்தர். ஏவி.எம். தயாரிப்பு. படத்துக்குப் பத்துப் பாட்டாவது இருந்தால்தான் ஜனங்கள் கொட்டகைக்கு வருவார்கள் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது என்று ஒரு படம். சங்கீதம் தெரியாத ஒருவர் இதைச் செய்திருந்தால் அவருக்குப் பாட்டில் நாட்டமில்லை என்று விட்டுவிடலாம். ராகங்களை விரல் நுனியில் வைத்திருந்தவர் செய்தார் என்பதுதான் என்னை மறுபடி மறுபடி அந்தப் படத்தின் பக்கம் இழுக்கிறது.

நான் பாட்டுக்கு எதிரி இல்லை. 'உதிரிப்பூக்க'ளில் 'அழகிய கண்ணே' இல்லாமல் அஸ்வினியின் அந்தத் தாய்முகத்தை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியாது. பாட்டை எடுத்துவிட்டால் படம் தானாக உயர்ந்துவிடும் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பாட்டு வரவேண்டிய இடத்தில் இயக்குநர் வேறு எதைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்? பாட்டில்லாத படங்களைப் பார்க்கும்போது நான் தேடுவது அதைத்தான். சில படங்களில் அந்த இடம் வெறும் பள்ளமாகக் கிடக்கும். சிலவற்றில் அங்கே பாட்டைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று வந்து நிற்கும்.

'அந்த நாள்' எடுத்த எடுப்பிலேயே கதாநாயகனைக் கொன்றுவிடுகிறது. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சரிகிறார். 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரத்துக் கதை. செத்தவன் ராஜன், ரேடியோ என்ஜினியர். துப்பறிய வரும் சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன்; படத்தை எழுதியவரும் அவரே. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனின் மனைவி உஷா, அவனோடு பழகிய நாட்டியக்காரி என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லக் கதை முன்னும் பின்னும் போகிறது. குரோசாவாவின் 'ராஷோமோன்' கொடுத்த தூண்டுதல் வெளிப்படையானது. ஆனால் பாலசந்தர் அதைக் காப்பியடிக்கவில்லை. ஒரே ராகத்தை ஐந்து வித்வான்கள் எடுத்தால் ஐந்து விதமாக வருமே, அப்படி ஒவ்வொருவர் வாயிலும் ஒரு ராஜன் வருகிறான். 'பராசக்தி'யில் அடிவயிற்றிலிருந்து முழங்கிய சிவாஜி, இரண்டே வருஷத்தில், இங்கே குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். ஒருத்தி சொல்லும்போது உதட்டோரம் சிரிப்பு. இன்னொருத்தர் சொல்லும்போது அதே உதடு இறுகிப்போய் இருக்கிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகத்தின் பாதி இருட்டிலேயே இருக்கும். பாட்டின் இடத்தைப் பேச்சுக்குரல்கள் பிடித்துக்கொண்டன. கடைசிப் பகுதியில் தேசபக்தி விவாதம் நீண்டு கொஞ்சம் மேடைப்பேச்சாகிவிடுகிறது, அது குறைதான். இருந்தாலும் உஷாவாக வரும் பண்டரிபாயின் முகம் அதையும் தாங்கிக்கொள்கிறது. கொன்றது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எழுபது வருஷத்துக்குப் பிறகும் அதைத் தெரியாமல் போய்ப் பார்க்கிற சுகம் சிலருக்காவது கிடைக்கட்டும்.

அந்தப் படம் வசூலில் தோற்றது. பிறகு வெகுகாலம் யாருக்கும் அந்தத் துணிச்சல் பெரிதாக வரவில்லை.

1988-இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் படம். சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் சுதா, தங்கை, தாத்தா. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். கேட்கிற வாடகை கட்டுப்படியாகவில்லை. ஆபீசில் ஒருவர் சொந்தமாகக் கட்டிவிடலாமே என்று யோசனை சொல்ல, கைவசம் இருக்கும் மனைகளில் ஒன்றை விற்று, கடன் வாங்கி வேலையை ஆரம்பிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பிளான் அப்ரூவல், லோன், சிமெண்ட், செங்கல், கான்டிராக்டர், மழை. நடுத்தரக் குடும்பத்தில் வீடு கட்டியவர்கள் யாரும் இந்தப் படத்தை முழுசாக நிம்மதியாக உட்கார்ந்து பார்த்துவிட முடியாது. சித்தாள் மங்கம்மாவாக வரும் 'பசி' சத்யா, சிமெண்ட் திருடும் கான்டிராக்டரை எதிர்த்து நிற்கும் காட்சியில் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்.

அந்தத் தாத்தா ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். பாட்டில்லாத படத்தில் பாட்டு வாத்தியார்! நடித்தவர் பழைய நாடக மேடைக் கலைஞரான சொக்கலிங்க பாகவதர். ஒருநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போகிறார், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்க. பூச்சு வேலை முடியாத வீடு. கிழவர் உள்ளே போய் மெல்ல ஒவ்வொரு இடமாக நின்று பார்க்கிறார். சுவரைத் தடவிப் பார்க்கிறார். பொக்கை வாயில் சிரிப்பு வருகிறது. கேமராவுக்குக் கொஞ்சமும் அவசரமில்லை. வேறு எந்தப் படமாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சோகப் பாட்டோ சந்தோஷப் பாட்டோ போட்டிருப்பார்கள். இங்கே இளையராஜா படத்துக்கென்று புதிதாக எதையும் அமைக்கவில்லை. அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்து, இடம் பார்த்து வைத்திருக்கிறார் பாலு மகேந்திரா. அந்த வயலின்கள் கிழவருக்காகவே எழுதியது போல் ஒட்டிக்கொள்கின்றன. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் வீடு வந்து சேர்வதில்லை.

ஒளிப்பதிவு, எடிட்டிங், இயக்கம் எல்லாம் பாலு மகேந்திராவே. மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா ஒரு வீடு கட்டப் பட்ட பாட்டைப் பார்த்த நினைவிலிருந்து பிறந்த படம் இது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. நியாயமான விருது. கையெழுத்துப் போடவும் கியூவில் நிற்கவும் பணத்தை எண்ணிப் பார்க்கவும் தெரிந்த நடிப்பு அது. சுதாவின் காதலனாகப் பானுசந்தர் வரும் சில காட்சிகளில் மட்டும் படம் கொஞ்சம் வழக்கமான சினிமாவாகிறது. கடைசியில் குடிநீர் வாரியத்தின் ரூபத்தில் வரும் அடி இருக்கிறதே, அதை மெலோடிராமா இல்லாமல் ஒரு அலுவலக அறிவிப்பு மாதிரியே சொல்லிப்போகிறார். படத்துக்காகச் சாலிகிராமத்தில் நிஜமாகவே கட்டிய வீட்டில்தான் பிற்காலத்தில் அவர் தன் சினிமாப் பட்டறையை நடத்தினார்.

வணிகப் படங்களிலும் இந்தத் துணிச்சல் அவ்வப்போது எட்டிப் பார்த்திருக்கிறது. 1995 தீபாவளிக்கு ரஜினியின் 'முத்து' ரஹ்மான் பாட்டுகளோடு வந்தபோது, அதே நாளில் பி.சி. ஸ்ரீராமின் 'குருதிப்புனல்' ஒரு பாட்டும் இல்லாமல் வந்தது. 2019 தீபாவளிக்கு 'பிகில்' ரஹ்மான் பாட்டுகளோடு வந்தபோது லோகேஷ் கனகராஜின் 'கைதி' பாட்டுமில்லாமல் கதாநாயகியுமில்லாமல் கூடவே வந்தது. 'குருதிப்புன'லில் நாசரும் கமலும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் விசாரணைக் காட்சிகளுக்கு முன் எந்தப் பாட்டும் நிற்காது. 'கைதி'யில் எனக்குப் பிடித்தது லாரியும் சண்டையும் இல்லை. சிறையிலிருந்து வந்தவன் பல வருஷம் கழித்துப் பிரியாணி சாப்பிடுகிற காட்சி. கார்த்தி வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு தின்கிறார், சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அவன் உள்ளே கழித்த வருஷங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன.

இப்போது பி.எஸ். வினோத்ராஜ். 'கூழாங்கல்' 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஒண்ணேகால் மணி நேரப் படம். மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிப் பொட்டல். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை இழுத்து வரப் போகிறான் குடிகாரக் கணபதி. பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவையும் கூட்டிக்கொள்கிறான். அவள் அங்கே இல்லை. திரும்பி வர வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட, இருவரும் உச்சி வெயிலில் நடந்தே வருகிறார்கள். புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு நடந்தே வந்த தன் அக்காவின் அனுபவத்திலிருந்து பிறந்த கதை என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். அந்த நடையை இந்தப் படத்தில் அவர் புருஷனின் காலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு பெரிய பழிவாங்கல் அது!

செருப்புச் சத்தம், காற்று, மூச்சு. பாட்டின் இடத்தை இவைதான் நிரப்புகின்றன. யுவன் சங்கர் ராஜாவின் இசை மிகவும் அளந்து வருகிறது. வேலு ஒரு கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி, முன்னால் போகும் அப்பன் முதுகில் அடிக்கிறான். அந்த வயதுப் பையனின் கோபத்துக்கு வேறு ஆயுதம் ஏது? தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அதக்கிக்கொண்டே நடக்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்திருக்கின்றன. இப்படி எத்தனை நடை என்று அந்த ஒரு ஷாட் கணக்குச் சொல்லிவிடுகிறது. இவ்வளவு பெரிய வெயிலும் பொட்டலும் உள்ள படம் தியேட்டருக்கு வராமல் 2023-இல் நேராக ஓடிடிக்குப் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அந்த வெயிலை செல்போன் திரையில் பார்த்துவிட முடியாது.

அடுத்து 2024-இல் அவர் எடுத்த 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. சாதி மாறிக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முறைமாமன் பாண்டியும் குடும்பமும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென் அனேகமாக வாயே திறப்பதில்லை. பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சுண்ணாம்பு தடவியிருக்கிறது. கத்துகிறவனுக்குக் குரல் இல்லை, பேச முடிந்தவள் பேசுவதில்லை. வழி மறித்து நிற்கும் காளையை ஆண்கள் யாராலும் நகர்த்த முடியாமல் ஒரு சின்னப் பெண் வந்து ஓட்டிக்கொண்டு போகும் காட்சி எனக்குக் கொஞ்சம் அழுத்தித் திணித்தது போல் பட்டது. அதைச் சொல்லாமலே படம் புரிந்திருக்கும்.

ஆனால் வழியில் எங்கிருந்தோ காற்றில் ஒரு பழைய சினிமாப் பாட்டு வருகிறது. மீனா உதட்டுக்குள் அதைக் கூடச் சேர்ந்து முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. பாண்டி வெறிபிடித்து அவளை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். அந்தப் பாட்டு யாருக்காக அவள் உதட்டில் வந்தது என்று அவனுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். படம் முழுக்கப் பாட்டை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை, அதுவும் யாருடைய ஸ்பீக்கரிலிருந்தோ உள்ளே விடும்போது அதற்கு எவ்வளவு பலம் வந்துவிடுகிறது! அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே சுதந்திரம் அந்த முணுமுணுப்புதான். அதற்குத்தான் அத்தனை அடி. 'அந்த நாள்' தொடங்கி இந்த எழுபது வருஷத் தமிழ் சினிமாவில் ஒரு சினிமாப் பாட்டை இதைவிட நன்றாக யாரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

முடிவு சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று பலருக்குக் கோபம். சாமியாடி வேறொரு பெண்ணுக்குச் செய்வதைப் பாண்டி கண்ணால் பார்த்துவிடுகிறான். இனி மீனாவை உள்ளே அனுப்புவானா, திரும்பக் கூட்டிப்போவானா என்பதை அவன் முகத்தில் விட்டுவிட்டுப் படம் நின்றுவிடுகிறது. நான் இயக்குநர் பக்கம். பாண்டி அடித்த அடியையும் பார்த்தோம், அவன் இப்போது பார்த்ததையும் பார்த்தோம். அவனை நம்பலாமா என்று நம்மிடம்தான் கேட்கிறார் வினோத்ராஜ். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.